சுவருக்கும் குரல் உண்டு

தோ பாயோவில் ஒரு நான்கறை வீடு. இரவு உணவு முடிந்து, குடும்பத்தினர் வரவேற்பறையில் அமர்ந்து தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கின்றனர். சமூக மன்றத்தில் முதியோருக்காகத் தொடங்கவிருக்கும் உடற்பயிற்சி வகுப்பைப் பற்றிய செய்தி வருகிறது.

“என்னம்மா சொன்னாங்க? அறுபது வயசா, எழுபது வயசா?” என்று பாட்டி கேட்கிறார்.

“எழுபது, பாட்டி,” என்கிறாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி.

அப்பா தொலையியக்கியை எடுத்து ஒலியளவைக் கூட்டுகிறார். அறை அதிர்கிறது. தம்பி காதைப் பொத்திக்கொள்கிறான். ஆனால், அடுத்த செய்தியும் பாட்டிக்குப் புரியவில்லை. “சத்தம் கேக்குதுப்பா, பேச்சுத்தான் கேக்கல. நீங்க பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து அறைக்குள் செல்கிறார்.

சில வாரங்களாகவே இப்படித்தான் நடந்துவருகிறது. செய்தி பார்ப்பதில் பாட்டிக்கு ஆர்வம் குறைந்துவிட்டதென்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்தார்கள். புதிய ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை வாங்கினால் நிலைமை மாறலாம் என்பது அப்பாவின் எண்ணம். கடையில் அவர் பார்த்து வைத்திருந்த தொகுதியின் விலை 600 வெள்ளி. அம்மாவோ, அந்த மாதத்தில் 100 வெள்ளிக்கு மேல் செலவு செய்ய இயலாது என்று சொல்லிவிட்டார்.

பாட்டி சொன்ன சொற்களில்தான் இந்தச் சிக்கலுக்கான விடை இருந்தது. சத்தம் கேட்பது வேறு. பேச்சு கேட்பது வேறு. ஒலியின் அளவு கூடினால் ஒலியின் தெளிவு கூடிவிடாது. வீட்டில் ஒலியின் தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி மட்டுமன்று. கருவி வைக்கப்பட்டிருக்கும் அறைக்கும் அதில் பெரிய பங்குண்டு.

ஒரே சொல், பல குரல்கள்

ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி இரண்டு வழிகளில் காதை அடைகிறது. ஒரு பகுதி நேராக வருகிறது. மற்றொரு பகுதி சுவர், தரை, கூரை, சன்னல் கண்ணாடி ஆகியவற்றில் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாக வருகிறது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். எனவே, ஒரு சிறிய அறைக்குள் அது ஒரே வினாடியில் நூறு முறைக்கு மேல் சுவர்களில் மோதித் திரும்பிவிடும்.

மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால், கூப்பிட்ட சொல் சிறிது நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வரும். அது எதிரொலி. அறைக்குள் தெறிக்கும் ஒலிகளோ மிக நெருக்கமாக வருவதால் தனித்தனியாகக் கேட்பதில்லை. அவை ஒன்றோடொன்று கலந்து, மூல ஒலி நின்ற பிறகும் சிறிது நேரம் நீடிக்கின்றன. இதை எதிர்முழக்கம் என்பர்.

செய்தி வாசிப்பவர் ஒரு வினாடியில் நான்கைந்து அசைகளையாவது உச்சரிக்கிறார். ஓர் அசையின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்தடுத்த அசைகள் வந்து அதன்மேல் விழுகின்றன. பேச்சில் உயிர் ஒலிகள் வலிமையானவை. மெய்யொலிகள் பல மெலிதானவை. மிகக் குறுகிய நேரமே ஒலிப்பவை. முந்திய அசையின் முழக்கம் அடுத்த அசையின் மெய்யொலியை எளிதில் மூடிவிடும். ‘அறுபது’, ‘எழுபது’ ஆகிய இரண்டிலும் ‘பது’ என்னும் இறுதி தெளிவாகக் கேட்கும். பொருளை வேறுபடுத்திக் காட்டும் தொடக்கந்தான் மங்கிப்போகும்.

வயது கூடும்போது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் திறன் பொதுவாகக் குறையும். மெய்யொலிகளை அடையாளம் காண உதவும் ஒலிக்கூறுகள் பல அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே, இளையோர் ஊகித்துப் புரிந்துகொள்ளும் அதே பேச்சு முதியவர்களுக்கு வெறும் இரைச்சலாகிவிடுகிறது.

இந்நிலையில் ஒலியளவைக் கூட்டினால் என்ன நடக்கும்? நேராக வரும் ஒலி கூடும். சுவர்களில் தெறித்து வரும் ஒலியும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் மாறாது. தோ பாயோ வீட்டில் அப்பா தொலையியக்கியை அழுத்திய போதெல்லாம் நடந்தது இதுதான்.

மெத்தைகள் சொன்ன பாடம்

இதே சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்பே ஓர் இளம் இயற்பியலாளர் எதிர்கொண்டார். அவர் பெயர் வாலஸ் கிளெமென்ட் சேபைன். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. உச்சரித்த சொல் ஏறத்தாழ ஐந்தரை வினாடி அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் குறையைச் சரிசெய்யும் பொறுப்பு சேபைனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவரிடம் இருந்த கருவிகள் மிக எளியவை. ஒலி எழுப்ப ஓர் ஆர்கன் குழல், நேரத்தை அளக்க ஒரு கடிகாரம், கேட்பதற்குத் தம் இரு காதுகள். பகலில் வெளிச்சத்தம் இடையூறாக இருந்ததால், அவர் தம் சோதனைகளை நள்ளிரவுக்குப் பிறகு நடத்தினார். அருகில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சேர்ந்து விரிவுரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். சில மெத்தைகளை வைத்து அளந்தார். பிறகு இன்னும் சில மெத்தைகளைச் சேர்த்து அளந்தார். விடிவதற்குள் அனைத்தும் மீண்டும் சாண்டர்ஸ் அரங்கிற்குச் சென்றுவிடும்.

மெத்தைகள் கூடக்கூட எதிர்முழக்கம் குறைந்தது. இருக்கைகளையும் மேடையையும் பின்சுவரையும் மெத்தைகளால் மூடியபோது, அது ஒரு வினாடியைச் சற்றே தாண்டும் அளவுக்கு இறங்கியது. கல்லும் காரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. மென்மையான, நுண்துளைகள் நிறைந்த பொருள்களோ ஒலியின் ஆற்றலை உட்கவர்ந்து மிகச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகின்றன.

இந்தச் சோதனைகளிலிருந்து சேபைன் ஒரு சூத்திரத்தை உருவாக்கினார். அறையின் கன அளவை 0.161 என்னும் எண்ணால் பெருக்கி, அந்த அறையின் மொத்த உட்கவர்தல் அளவால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடிகளில் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம் அவருடைய ஆலோசனையோடு கட்டப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

சிங்கப்பூரில் 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் இசையரங்கிலும் இதே அடிப்படை பயன்படுகிறது. மேடைக்கு மேல் ஏற்றி இறக்கக்கூடிய ஒலிக்கூரை, தேவைக்கேற்பத் திறந்து மூடும் எதிர்முழக்க அறைகள், ஒலியை உட்கவரும் திரைகள் ஆகியவை அங்கே உள்ளன. இசைக்குழு வாசிக்கும்போது முழக்கம் ஓரளவு வேண்டும். பேச்சுக்கு அது குறைய வேண்டும். அரங்கில் திரை செய்யும் அதே வேலையை வீட்டிலும் திரை செய்யும்.

ஒரு வரவேற்பறையின் கணக்கு

சேபைனின் சூத்திரத்தை ஒரு வீட்டு வரவேற்பறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். அறையின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.6 மீட்டர் என்று கொள்வோம். அதன் கன அளவு 52 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர்கள் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 87 சதுர மீட்டர்.

ஓடு பதித்த தரையும் சாயம் பூசிய கான்கிரீட் சுவரும் தம்மீது படும் ஒலியில் மிகச் சிறிய பகுதியையே உட்கவரும். சராசரியாக 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மொத்த உட்கவர்தல் 4.35 சதுர மீட்டர். அப்போது எதிர்முழக்க நேரம் 1.9 வினாடி. வெறுமையான அறையில் கைதட்டினால் ‘கணீர்’ என்று ஒலி நீள்வதற்கு இதுவே காரணம்.

அதே அறையில் ஒரு கம்பளம் 1.8, மடிப்புகளோடு தொங்கும் தடித்த திரைச்சீலை 4, துணி மெத்தைகளும் புத்தக அடுக்கும் 2 என்ற அளவில் உட்கவர்தலைக் கூட்டுவதாகக் கொள்வோம். இப்போது மொத்தம் ஏறத்தாழ 12 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் 0.7 வினாடிக்கு இறங்கிவிடும். புதிய ஒலிபெருக்கி எதுவும் வாங்கப்படவில்லை. ஆனாலும், முழக்கம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

தோ பாயோ வீட்டின் வரவேற்பறையில் ஓடு பதித்த தரை, கண்ணாடி மேசை, மர இருக்கைகள், மெல்லிய சன்னல் துணி ஆகியவையே இருந்தன. துடைப்பதற்கு எளிதாகவும் வெயில் காலத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பதற்காக அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒலியை உட்கவர அங்கே அதிகம் ஒன்றுமில்லை. அறிவியல் பாடத்தில் ஒலியைப் பற்றிப் படித்திருந்த பேத்தி, அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தாள். பிறகு, ஆடைகள் நிறைந்த அலமாரியும் மெத்தையும் இருந்த படுக்கையறைக்குச் சென்று தட்டிப் பார்த்தாள். வேறுபாடு அவளுக்கு உடனே தெரிந்தது.

செலவில்லாத மாற்றங்கள்

குறைந்த செலவில் ஒலியைச் சீர்செய்ய விரும்புவோர், பணம் செலவாகாத வழிகளை முதலில் முயன்று பார்க்க வேண்டும்.

முதலாவது, தொலைவு. நேராக வரும் ஒலி, தொலைவு கூடக்கூட வேகமாக வலுவிழக்கும். தெறித்து வரும் ஒலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கும். கேட்பவர் ஒலிபெருக்கிக்குப் பாதித் தொலைவு நெருங்கினால், நேரடி ஒலி 6 டெசிபெல் கூடும். அதாவது, அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். பாட்டியின் நாற்காலி தொலைக்காட்சியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, சுவரை ஒட்டி இருந்தது. அதை அறையின் நடுப்பகுதிக்கு நகர்த்தினார்கள்.

இரண்டாவது, ஒலிபெருக்கி இருக்கும் இடம். தட்டையான தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் ஒலி முதலில் மேசையிலும் சுவரிலும் பட்டுத்தான் கேட்பவரை அடையும். தொலைக்காட்சி அறையின் மூலையில் இருந்தால், இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த சுருதி ஒலிகளை மட்டும் மிகைப்படுத்தும். பேச்சு ‘கொழகொழ’வென்று கேட்கும். மூலையை விட்டு அதை நகர்த்தினாலே பேச்சு தெளிவடையும்.

மூன்றாவது, அமைப்பு முறைகள். பல தொலைக்காட்சிகளில் குரலைத் தெளிவாக்கும் அமைப்பு ஒன்று உண்டு. தாழ்ந்த சுருதியைக் கூட்டும் அமைப்பை நிறுத்திவிட்டு இதைத் தேர்ந்தெடுப்பது பேச்சுக்கு நல்லது.

நான்காவது, பிற சத்தங்கள். காதுக்கு அருகில் சுழலும் மின்விசிறியின் இரைச்சல் மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடும். மின்விசிறியைச் சற்றுத் தள்ளி வைப்பதும் அதன் வேகத்தைக் குறைப்பதும் ஒலிபெருக்கியை மாற்றுவதற்கு ஈடான பயனைத் தரக்கூடும். திறந்த சன்னல் வழியாக உள்ளே வரும் சாலைச் சத்தத்திற்கும் இது பொருந்தும்.

இந்த நான்கையும் ஒரே மாலையில் செய்து முடித்தார்கள். பாட்டி மறுநாள் செய்தி பார்க்க அமர்ந்தார். “நேத்தைக்கு இது பரவாயில்ல,” என்றார். முழுதும் புரிந்தது என்று அவர் சொல்லவில்லை.

எழுபத்து நான்கு வெள்ளி

அடுத்த கட்டத்தில்தான் பணம் தேவைப்பட்டது. முதலில் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடினார்கள். பொருள்கள் வைக்கும் சிற்றறையில், குறுவட்டு இயக்கியும் இரண்டு தனி ஒலிபெருக்கிகளும் கொண்ட பழைய இசைத்தொகுதி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் குறுவட்டு சுழலவில்லை. ஆனால், வெளியிலிருந்து ஒலியை ஏற்கும் துளை இருந்தது, ஒலிபெருக்கிகளும் பழுதாகவில்லை.

தொலைக்காட்சியில் ஒளியிழை வழியாக ஒலியை வெளியே அனுப்பும் துளை மட்டுமே இருந்தது. அதன் வழியாக வருவது எண்முறை ஒலி; அதாவது, எண்களாக மாற்றப்பட்ட ஒலி. குறுவட்டில் ஒவ்வொரு வினாடி ஒலியும் 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. அந்த எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றினால்தான் ஒலிபெருக்கி ஒலிக்கும். அதற்கென ஒரு சிறிய மாற்றியை 22 வெள்ளிக்கு வாங்கினார்கள்.

எண்களை ஒலியாக்கும் இந்தக் கலையில் சிங்கப்பூருக்கும் பெருமை உண்டு. 1981இல் சிம் வோங் ஹூ இங்குத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதற்கு முன்பு, பெரும்பாலான வீட்டுக் கணினிகளிலிருந்து ‘பீப்’ என்ற ஓசைதான் வந்தது. அந்த அட்டையைப் பொருத்தியதும் அதே கணினி பேசியது, இசைத்தது. முழுக் கணினியையும் மாற்றாமல், குறையுள்ள பகுதியை மட்டும் மாற்றும் அணுகுமுறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இசைத்தொகுதியை மாற்றியோடு இணைக்கும் கம்பிக்கு 6 வெள்ளி. ஒலிபெருக்கிகள் மேசையை அதிரச் செய்யாமலிருக்க, அவற்றின் அடியில் வைக்கும் இரப்பர்த் துண்டுகளுக்கு 4 வெள்ளி. கழிவு விலையில் கிடைத்த தடித்த திரைச்சீலைக்கு 42 வெள்ளி. கம்பளத்தைப் பெரியம்மா தம் வீட்டிலிருந்து கொடுத்துவிட்டார். மொத்தச் செலவு 74 வெள்ளி.

ஒலிபெருக்கிகளை வைப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது நல்லது. உயர்ந்த சுருதி ஒலியைத் தரும் சிறிய கூம்பு, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த சுருதி ஒலிகள் ஒளிக்கற்றையைப் போல ஒரே திசையில் செல்பவை. அவை முழங்காலை நோக்கிச் சென்றால் காதுக்குக் குறைவாகவே வந்துசேரும். பின்சுவரிலிருந்து ஒலிபெருக்கிகள் ஒரு முழமாவது தள்ளி இருப்பது நன்று.

கம்பிகளை இணைக்கும்போது சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே செல்லும். இரண்டும் ஒன்றையொன்று குலைப்பதால் தாழ்ந்த சுருதி மெலிந்துபோகும். குரலும் நடுவிலிருந்து வராமல் எங்கோ சிதறிக் கேட்கும். பழைய தொகுதியில் இந்தத் தவறு பல ஆண்டுகளாக இருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

திரைச்சீலையையும் கம்பளத்தையும் எங்கே போடுவது என்பதைக் கண்டறிய ஒரு கண்ணாடி போதும். ஒருவர் நாற்காலியில் அமர, மற்றொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். அமர்ந்திருப்பவருக்குக் கண்ணாடியில் ஒலிபெருக்கி தெரியும் இடந்தான் ஒலி முதலில் தெறிக்கும் இடம். ஒளியைப் போலவே ஒலியும் படும் கோணத்திலேயே திரும்புகிறது. அந்த இடத்தில் மென்மையான பொருள் எதையாவது வைத்தால் குறைந்த பரப்பிலேயே நிறைந்த பயன் கிடைக்கும். பாட்டியின் வீட்டில் அந்த இடம் சன்னலில் அமைந்தது. திரைச்சீலை அங்கே தொங்கியது. கம்பளம், நாற்காலிக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் இடையே விரிந்தது. அதன் ஓரங்களில் பாட்டியின் கால் தடுக்காதபடி ஒட்டுநாடாவும் ஒட்டப்பட்டது.

பணத்தை விழுங்கும் நம்பிக்கைகள்

ஒலியைப் பற்றி மக்களிடையே சில தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

‘வாட் கூடினால் தரம் கூடும்’ என்பது அவற்றுள் ஒன்று. பெருக்கியின் ஆற்றலை 20 வாட்டிலிருந்து 40 வாட்டாக இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். அது காதுக்குச் சிறிய வேறுபாடாகவே தோன்றும். ஒலி இருமடங்கு உரத்துக் கேட்பதாக உணர, ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். ஆகவே, சிறிய வீட்டுக்குப் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை.

‘விலை உயர்ந்த கம்பி வேண்டும்’ என்பது மற்றொன்று. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள சாதாரணச் செப்புக் கம்பி, ஐந்து மீட்டர் சென்று திரும்பும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம். எட்டு ஓம் ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. வீட்டுக்குள் பயன்படும் இவ்வளவு நீளத்திற்குச் சாதாரணச் செப்புக் கம்பியே போதும்.

‘முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது’ என்பது இன்னொன்று. மெல்லிய அட்டை ஒலியைச் சரிவர உட்கவர்வதுமில்லை, தடுப்பதுமில்லை. எளிதில் தீப்பற்றும் ஆபத்து மட்டும் அதில் உண்டு. ஒலியை உட்கவர்வதும் ஒலியைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். திரைச்சீலை அறைக்குள் இருக்கும் முழக்கத்தைக் குறைக்கும். அடுத்த வீட்டுக்குச் செல்லும் சத்தத்தை நிறுத்தாது. அதைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்குள்ள எளிய வழி, ஒலிபெருக்கியைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஒலியளவைக் குறைத்துக்கொள்வதே. அறையில் தெளிவு கூடும்போது குறைந்த ஒலியே போதுமானதாகிவிடும். அண்டைவீட்டாருக்கும் அது நன்மை.

காதுக்கும் அது நன்மை. உரத்த ஒலியை நீண்ட நேரம் கேட்பது செவித்திறனைக் கெடுக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்கக் கூடாது என்பது அதன் வழிகாட்டுதல். சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபெல். இந்த வரம்பு கைப்பேசியில் செவிப்பொறி மாட்டிப் பாடல் கேட்கும் இளையோருக்கும் பொருந்தும். பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது, அப்பா தொலையியக்கியை அழுத்திய அதே தவறுதான்.

இவ்வளவு செய்தும் ஒருவருக்குப் பேச்சு விளங்கவில்லை என்றால், காரணம் அறையில் இல்லாமல் காதில் இருக்கலாம். அறையைச் சீர்செய்வது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது. பேத்தி இதை எடுத்துச் சொன்னபோது பாட்டி முதலில் மறுத்தார். “எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு,” என்றார். பிறகு அம்மாவோடு பலதுறை மருந்தகத்துக்குச் செல்ல ஒப்புக்கொண்டார். வயதின் காரணமாக உயர்ந்த சுருதி ஒலிகள் அவருக்குக் குறைவாகக் கேட்பது பரிசோதனையில் தெரிந்தது. செவித்துணைக் கருவி பற்றி அடுத்த சந்திப்பில் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மாற்றத்தை அளத்தல்

செய்த மாற்றம் உண்மையிலேயே பயன் தந்ததா என்பதை எப்படி அறிவது? பணம் செலவழித்தவருக்கு எல்லாமே நன்றாகக் கேட்பதாகத் தோன்றுவது இயல்பு. அதனால், பேத்தி ஓர் எளிய சோதனையைச் செய்தாள். ‘பத்து’, ‘பட்டு’, ‘மலை’, ‘மழை’, ‘அறுபது’, ‘எழுபது’ என ஒலியால் நெருங்கிய சொற்களைத் தன் குரலில் பதிவு செய்தாள். அவற்றின் வரிசையைக் கலைத்து, ஒரே ஒலியளவில் முதலில் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியிலும் பிறகு புதிய அமைப்பிலும் ஒலிக்கச் செய்தாள். கேட்டதைப் பாட்டி திருப்பிச் சொன்னார். எந்த அமைப்பு ஒலிக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. புதிய அமைப்பில் பாட்டி செய்த பிழைகள் குறைந்தன. ‘மலை’யும் ‘மழை’யும் மட்டும் சில முறை மாறின.

சேபைன் நள்ளிரவில் மெத்தைகளை அடுக்கிச் செய்ததும் இதைப் போன்ற வேலைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, காதால் கேட்டு, கிடைத்ததைக் குறித்துக்கொண்டார். அதற்குப் பொறுமை வேண்டியிருந்தது, பெரும்பணம் வேண்டியிருக்கவில்லை.

தோ பாயோ வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியளவு முன்பு 38இல் இருந்தது. இப்போது 22இல் நிற்கிறது. தம்பி காதைப் பொத்திக்கொள்வதில்லை. மீதமிருந்த 26 வெள்ளியை அம்மா எடுத்து வைத்துவிட்டார்.

சென்ற வாரம் ஒரு நாள் இரவு, பேத்தி பள்ளிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி முடியும் நேரம். நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டி திரும்பிப் பார்த்து அவளை அழைத்தார்.

“குடையை எடுத்து வச்சுக்கம்மா. நாளைக்குக் காலையில மழையாம்.”